கைக்கு எட்டாத காவல்காரன்



இந்த வாரம் சம்பளத்தைப் பற்றியோ வீட்டுப் பிரச்சினையைப் பற்றியோ எழுதப் போவதில்லை. ஒரு சின்னப் பொருளைப் பற்றி எழுதப் போகிறேன். கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். டிராக்டர் எஞ்சினில் ஒரு மூலையில் திருகி வைத்திருப்பார்கள். நம்மில் பலர் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் அந்தச் சின்னப் பொருள் ஊமையாகிப் போனதால் ஓர் எஞ்சின் பாழாயிற்று. இருபது வருஷத்துக்கு மேல் வண்டி ஓட்டிய ஒரு மனிதரின் வேலையும் போகப் பார்த்தது.

அதன் பெயர் எண்ணெய் அழுத்த உணரி. 'ஆயில் சென்சர்' என்று சொன்னால் டிரைவர்மார்களுக்கு உடனே புரியும். ஒர்க்ஷாப்பில் 'ஆயில் சுவிட்சு' என்பார்கள்.

அது செய்யும் வேலை என்ன?

எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கி நிற்கிறது. ஒரு பம்பு அதை உறிஞ்சி, வடிகட்டி வழியாக எஞ்சினின் எல்லா மூட்டுகளுக்கும் தள்ளுகிறது. சுற்றுகிற தண்டுக்கும் அதைத் தாங்குகிற பேரிங்குக்கும் நடுவே எண்ணெய் மெல்லிய ஏடுபோல் நிற்கும். அந்த ஏடு இருக்கிறவரை இரும்பு இரும்பைத் தொடாது. எண்ணெய் தள்ளும் வேகம் குறைந்தால் ஏடு கிழியும், இரும்போடு இரும்பு உரசும், சூடேறும், கொஞ்ச நேரத்தில் எஞ்சின் அப்படியே பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கடப்பாரை போட்டாலும் சுற்றாது.

இது நடக்காமல் காவல் இருப்பதுதான் அந்த உணரி. அழுத்தம் குறைந்தால் டிரைவருக்கு எதிரே உள்ள சிவப்பு விளக்கை எரியவிடும். சில வண்டிகளில் விளக்குக்குப் பதில் முள் இருக்கும். விளக்கு வண்டிக்கு சுவிட்சு, முள் வண்டிக்கு வேறு உணரி. ஒன்றுக்குப் பதில் மற்றதை மாட்ட முடியாது.

ஒன்றை மனத்தில் வையுங்கள். பெரும்பாலான விளக்குச் சுவிட்சுகள் அழுத்தம் 4 முதல் 8 பவுண்டு வரை இறங்கிய பிறகுதான் விளக்கை எரிய விடுகின்றன. சூடேறி வேலை செய்யும் ஒரு டீசல் எஞ்சினுக்கு 30, 40 பவுண்டு அழுத்தமாவது வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் சிவப்பு விளக்கு 'கவனமாய் இரு' என்று சொல்லவில்லை. 'உயிர் போகிறது, நிறுத்து' என்று கத்துகிறது. 'கொட்டகை வரைக்கும் ஓட்டிப் போயிடலாம்' என்ற பேச்சே கூடாது.

நடந்த கதை

தோட்டத்தின் பெயர் வேண்டாம். செம்பனைத் தோட்டம், மேடும் பள்ளமுமான இடம். குலை அதிகமாய் விழுகிற மாதம். அந்த அண்ணன் காலையில் பெரட்டு முடிந்ததும் வழக்கம்போல் எண்ணெய்க் கம்பியை இழுத்துத் துடைத்துப் பார்த்தார். எண்ணெய் அளவு சரியாக இருந்தது. டிரெயிலரை மாட்டிக்கொண்டு போனார். இரண்டு நாளைக்கு முன் மாற்றிய வடிகட்டியின் ரப்பர் வளையம் சரியாய் உட்காரவில்லை போலிருக்கிறது. மேட்டில் ஏற ஏற எண்ணெய் பீறிட்டுப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. பின்னால் இழுத்து வந்த குலையின் இரைச்சலிலும் எஞ்சின் சத்தத்திலும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. விளக்கும் எரியவில்லை. மூன்றாவது நடையில், மேட்டின் பாதியில், எஞ்சின் முக்கிக்கொண்டு நின்றது. நின்றது நின்றதுதான்.

ஏன் விளக்கு எரியவில்லை? நான்கு மாதத்துக்கு முன்பே உணரியின் ஒயர் அறுந்து போயிருந்தது. ஒயர் மாட்டுகிற வேலை ஐந்து நிமிஷம். ஆனால் அந்த உணரி இருந்த இடமோ எஞ்சின் கட்டைக்கும் டீசல் பம்புக்கும் இடையே உள்ள சந்து. கை போகாது; ஸ்பானர் திரும்பாது. குழாய்களைக் கழற்றினால்தான் வழி. அரை நாள் வண்டி நிற்கும். குலை நேரத்தில் அரை நாள் வண்டியை யார் நிறுத்துவார்?

"நான் சொல்லிட்டேன் தம்பி. மண்டோர்கிட்ட சொன்னேன், ஃபிட்டர்கிட்ட சொன்னேன். குலை குறையட்டும், அப்புறம் பார்க்கலாம்னாங்க. நானும் சரின்னுட்டேன்" என்றார் அண்ணன். லயத்து வாசலில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். பக்கத்தில் அண்ணி நின்றிருந்தார். அவர் கையில் ஆபீஸ் கடிதம்.

'எச்சரிக்கை விளக்கைக் கவனியாமல் வண்டியை ஓட்டி எஞ்சினைச் சேதப்படுத்தினீர். ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது' என்று கேட்டிருந்தார்கள். சேதத்துக்குச் சம்பளத்தில் பிடிக்கப் போவதாகவும் பேச்சு அடிபட்டது.

தோழர்களே, இங்கேதான் விஷயம் இருக்கிறது. எரியாத விளக்கு இரண்டு சேதி சொல்லும். ஒன்று, 'எல்லாம் நலம்'. இன்னொன்று, 'நான் செத்துப்போய் நாளாச்சு'. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல்தான் இருக்கும். வித்தியாசம் தெரிய ஒரே வழி, காலையில் சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஓடுவதற்கு முன், விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது. எரிந்தால் காவல்காரன் விழித்திருக்கிறான். எஞ்சின் ஓடிய சில வினாடிகளில் அணைந்தால் அழுத்தம் வந்துவிட்டது. சாவியைத் திருப்பியும் எரியாவிட்டால் பல்பு போயிருக்கலாம், ஒயர் போயிருக்கலாம், சுவிட்சே போயிருக்கலாம்.

555 புத்தகம்

விசாரணைக்கு முந்தின இரவு, "எங்கேயாவது எழுதி வச்சிருக்கீங்களா அண்ணே?" என்று கேட்டேன். "எழுத்தெல்லாம் ஏது தம்பி" என்றார். அண்ணிதான் உள்ளே போய்ச் சின்ன 555 புத்தகத்தைக் கொண்டு வந்தார். கடைக் கணக்குப் புத்தகம். முன்பக்கத்தில் அரிசி, சீனி, மீன் டின். பின்பக்கத்தைத் திருப்பினால், அண்ணன் தமிழ்ப்பள்ளியில் படித்த எழுத்தில், வண்டிக்கு டீசல் ஊற்றிய கணக்கு. அதற்கு நடுவே மூன்று இடத்தில், தேதியோடு: 'ஆயில் லைட் எரியல. மண்டோரிடம் சொன்னது.' அவர் எழுதியதை அவரே மறந்துவிட்டார்!

விசாரணையில் அந்தப் புத்தகத்தை வைத்தோம். அது போதாது என்றார்கள். இப்போது எழுதியிருக்கலாமே என்றார்கள். ஃபிட்டரைக் கூப்பிடச் சொன்னோம். அவரும் சம்பளக்காரர்தான், அவருக்கும் பிள்ளைகுட்டி உண்டு. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அந்த ஒயர் அறுந்த முனையில துருவும் அழுக்கும் பிடிச்சிருக்கு. அது நேத்து அறுந்தது இல்லைங்க. எனக்கும் தெரியும். கை போகாத இடம், நான்தான் தள்ளிப் போட்டேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியது. குற்றச்சாட்டு நிற்கவில்லை, பிடித்தமும் இல்லை. ஆனால் எஞ்சின் திரும்பி வர ஆறு வாரம் ஆயிற்று. அதுவரை அண்ணன் மூட்டு வலியோடு குனிந்து உதிரி பொறுக்கினார். அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

கையைப் பொருளுக்கா, பொருளைக் கைக்கா?

எஞ்சின் வந்ததும் ஃபிட்டர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "அந்தச் சந்துல இனிமே இதை வைக்கிறதில்ல. வெளியில கொண்டு வரணும்" என்றார். மானேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டார்.

இது நம் தோட்டத்துச் சங்கடம் மட்டும் அல்ல. அமெரிக்காவின் செவ்ரொலே வண்டிகளில் சில வி-8 எஞ்சின்களுக்கு இந்த உணரியை எஞ்சினின் பின்கோடியில், காற்றுக் குழாய்த் தொகுதிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். அதை மாற்றப் போனவர்கள் கை வலித்துத் திட்டாத நாள் இல்லை. அங்கே உணரியை வெளியே கொண்டு வருவதற்கென்றே குழாயும் பூட்டும் சேர்த்துக் கடையில் விற்கிறார்கள்.

வெளியே கொண்டு வர முடியுமா என்றால், முடியும். உணரிக்குப் போகும் எண்ணெய் ஓடுவதில்லை. குழாயில் நிறைந்து அப்படியே நிற்கிறது. ஒரு முனையில் அழுத்தினால் மறு முனையிலும் அதே அழுத்தம். ஒரு மீட்டர் உயரத்தில் வைத்தாலும் ஒரு பவுண்டுக்குச் சற்று மேல்தான் குறையும். ஆகவே உணரி நீளமான குழாயின் நுனியில் இருந்தாலும் உண்மையைத்தான் சொல்லும்.

முதல் தடவை தவறியது

ஃபிட்டர் முதலில் செய்தது சுலபமான வழி. உணரி இருந்த ஓட்டையில் ஒரு பித்தளை முழங்கையைத் திருகி, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் உணரி என்று அடுக்கினார். உணரி சந்துக்கு வெளியே எட்டிப் பார்த்தது. கைக்கும் எட்டியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

மூன்றாவது வாரம் கருகிய எண்ணெய் வாடை வந்தது. அண்ணன் உடனே வண்டியை அணைத்து இறங்கிவிட்டார். பித்தளை கழுத்தில் வெடித்து, எண்ணெய் சூடான புகைக்குழாய் மேல் தெளித்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் நெருப்புப் பிடித்திருக்கும். விளக்கு அப்போதும் எரியவில்லை. ஏனென்றால் ஒற்றை ஒயர் உணரிக்கு மறு ஒயர் எஞ்சினின் உடம்புதான். கழுத்து முறிந்து தொங்கியதும் அந்தத் தொடர்பும் அறுந்துவிட்டது.

டீசல் எஞ்சின் ஓயாமல் நடுங்குகிறது. நீட்டிக் கட்டிய பாரத்தை அந்த நடுக்கம் ஆட்டி ஆட்டி ஒடித்துவிடும். இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கிறோமே, அதேபோலத்தான்.

இரண்டாம் தடவை

இந்த முறை எஞ்சினில் சின்னப் பூட்டு ஒன்றை மட்டும் திருகினார். அதிலிருந்து இரும்பு இழை பின்னிய, எண்ணெய்ச் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும் குழாய். மறு முனையை, பானட்டைத் திறந்ததும் நெஞ்சுயரத்தில் இருக்கும் தகட்டில் ஒரு தாங்கி வைத்து முடுக்கினார். உணரி அந்தத் தாங்கியில் உட்கார்ந்தது. பாரம் தாங்கியில், நடுக்கத்தை வாங்கிக்கொள்வது குழாய்.

அவர் செய்ததைப் பார்த்து நான் குறித்துக்கொண்டவற்றை ஃபிட்டர் தோழர்களுக்காக இங்கே தருகிறேன்.

முதலில் அளந்து பாருங்கள். உணரியைக் கழற்றிய ஓட்டையில் கைமுள் மீட்டர் ஒன்றை மாட்டி, எஞ்சின் சூடானதும் உண்மையான அழுத்தம் எவ்வளவு என்று எஞ்சின் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். அழுத்தமே குறைவாக இருந்தால் உணரியை மாற்றுவதும் இடம் மாற்றுவதும் வீண். காய்ச்சல்காரனுக்குக் காய்ச்சல் மானியை மாற்றிய கதையாகும்.

மரையைப் பாருங்கள். அமெரிக்கக் குழாய் மரையின் சின்ன அளவில் ஓர் அங்குலத்துக்கு 27 சுற்று. பிரிட்டிஷ், ஜப்பான் எஞ்சின்களில் வரும் அதே அளவு மரையில் 28 சுற்று. கண்ணுக்கு ஒன்றுபோல்தான் தெரியும். இரண்டு மூன்று சுற்று ஏறவும் செய்யும். அதற்குமேல் பலவந்தப்படுத்தினால் மரை சாகும், இல்லாவிட்டால் கசியும். எஞ்சின் கட்டையில் மரை செத்தால் செலவு பெரிது.

வெள்ளை டேப்பை அள்ளிச் சுற்றாதீர்கள். துணுக்கு அறுந்து எண்ணெய் வழிக்குள் போனால் பேரிங்குக்கு ஆபத்து. ஒற்றை ஒயர் உணரியில் டேப் மின் தொடர்பையும் கெடுக்கக் கூடும். மரைக்குப் பூசுகிற பசையே நல்லது. அதையும் முதல் சுற்றை விட்டுப் பூசவேண்டும்.

எர்த் ஒயர் போடுங்கள். உணரி எஞ்சினை விட்டு வெளியே வந்துவிட்டதால் அதற்கு மறு ஒயர் இல்லை. அந்த டிராக்டரிலும் முதலில் விளக்கு எரியவில்லை. தகட்டில் இருந்த பெயிண்டு தடுத்தது. பெயிண்டைச் சுரண்டி, எஞ்சினோடு தனி ஒயர் இணைத்த பிறகுதான் எரிந்தது.

குழாயில் சிக்கனம் பார்க்காதீர்கள். தண்ணீர்க் குழாய், பெட்ரோல் குழாய், பிளாஸ்டிக் குழாய் எதுவும் ஆகாது. செப்புக் குழாய் நடுக்கத்தில் இறுகி வெடிக்கும். புகைக்குழாய், ஃபேன், பெல்ட் ஆகியவற்றை விட்டு விலக்கிக் கட்டுங்கள். விறைப்பாக இழுக்காமல் சற்றுத் தளர்த்தி விடுங்கள். எஞ்சின் முனையில் சிறு துளையுள்ள பூட்டு போட்டால், ஒருவேளை குழாய் வெடித்தாலும் எண்ணெய் மெதுவாகத்தான் போகும். நிறுத்த நேரம் கிடைக்கும்.

முடிந்ததும் சோதியுங்கள். சாவி திருப்பினால் எரியவேண்டும். எஞ்சின் ஓடினால் அணையவேண்டும். குழாயில் காற்று இருப்பதால் முதல் தடவை கொஞ்சம் தாமதிக்கலாம். சூடான பிறகு ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை, பிறகு வாரந்தோறும் கசிவு பாருங்கள்.

கம்ப்யூட்டர் வைத்த புது எஞ்சின்களில் கை வைக்க வேண்டாம். அங்கே அந்த உணரி விளக்குக்கு மட்டும் சேதி சொல்வதில்லை. எஞ்சினை அடக்குவதற்கும் சேதி சொல்லக்கூடும். விற்ற கம்பெனியைக் கேட்காமல் மாற்றினால் உத்தரவாதமும் போகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

டிரைவர் தம்பிமார்களே, நீங்களாக இந்த வேலையில் இறங்காதீர்கள். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, பாதுகாப்புக்காகக் கொடுக்கப்பட்ட பொருளில் தொழிலாளி மனம்போனபடி கை வைப்பதைத் தடுக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவு, இயந்திரத்தை ஆபத்தில்லாமல் வைத்துப் பராமரிக்கும் கடமையை முதலாளியின் தலையில் வைக்கிறது. பாதுகாப்பைப் பற்றிப் புகார் செய்ததற்காகத் தொழிலாளியைப் பழிவாங்கக் கூடாது என்கிறது 27-ஆம் பிரிவு. 2024 ஜூன் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்த திருத்தம், உடனடி ஆபத்து கண்ணெதிரே இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமையையும் தந்திருக்கிறது. 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்கவேண்டும். அந்தக் குழுவில் இந்த உணரிப் பேச்சை எடுங்கள்.

சம்பளப் பிடித்தம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். தீபகற்ப மலேசியாவில் நடப்பில் உள்ள 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, சட்டம் அனுமதிக்காத பிடித்தம் எதையும் சம்பளத்தில் செய்யக் கூடாது என்கிறது. 'எஞ்சின் போச்சு, பிடிக்கிறோம்' என்று சொன்னால் அப்படியே தலையாட்டிவிடாதீர்கள். கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். ஒழுங்குக் குற்றத்துக்கு வேலை நீக்கம் செய்வதானாலும் முறையான விசாரணை நடத்தவேண்டும் என்பது 14-ஆம் பிரிவு.

நாளைக் காலையில்

பெரிய காரியம் எதுவும் கேட்கவில்லை. நாளைக் காலை வண்டி எடுக்குமுன் மூன்று காரியம் செய்யுங்கள். எண்ணெய்க் கம்பியைப் பாருங்கள். சாவியைத் திருப்பி விளக்கு எரிகிறதா பாருங்கள். எஞ்சின் ஓடியதும் அணைகிறதா பாருங்கள். எரியாவிட்டால் வாயால் சொன்னதோடு நிற்காதீர்கள். தேதி போட்டு, யாரிடம் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் செல்லும். நம்மோடு வேலை செய்யும் வங்காளதேசத் தம்பி, இந்தோனேசியத் தோழர் இருந்தால் அவர்களுக்கும் அந்த விளக்கைக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள். சிவப்பு விளக்குக்கு மொழி கிடையாது.

ஃபிட்டர் தோழர்களே, கை போகாத இடத்தில் இருக்கிற பொருளை யாரும் கவனிக்க மாட்டார்கள். சோம்பலால் மட்டும் அல்ல, நேரம் கொடுக்கப்படாததாலும்தான். ஆகவே முறைப்படி அனுமதி வாங்கி, அதைக் கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டு வாருங்கள்.

போன மாதம் அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அண்ணன் பானட்டைத் திறந்து காட்டினார். தகட்டின்மேல் உணரி பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் சின்னப் பிள்ளை எழுத்துப்போல் பெயிண்டில் 'ஆயில்' என்று எழுதி வைத்திருக்கிறார். "இப்ப என் கைக்கும் எட்டுது தம்பி, கண்ணுக்கும் எட்டுது" என்றார்.

சட்டைப் பையில் புது 555 புத்தகம் ஒன்று இருந்தது. கடைக் கணக்குப் புத்தகம் இப்போது அண்ணியிடம் தனியாக இருக்கிறதாம். இது முழுக்க வண்டிக் கணக்கு.